ஈறு இறக்கத்துக்கு அறுவை சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“டாக்டர், இந்தப் பல் மட்டும் நீளமாகிட்டே போகுது” என்றுதான் பலரும் பேச்சை ஆரம்பிப்பார்கள். பல் நீளமாகவில்லை. அதைப் போர்த்தியிருந்த ஈறு விலகி, மறைந்திருக்க வேண்டிய வேர் வெளியே தெரிகிறது. இதற்கு அறுவை சிகிச்சை உண்டு என்று கேள்விப்பட்டு வருபவர்கள் கேட்கும் கேள்விகளையும், ஈறு மருத்துவராக நான் நேரில் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வாயைப் பார்த்துச் சொல்லும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று அல்ல. அவரிடம் போகும்முன் விஷயம் புரிந்திருந்தால் பயமும் குறையும், சரியான கேள்விகளும் வரும்.

ஒரு சின்ன விளக்கம்: மேல்தாடையில் ஈறு மேலே ஏறும், கீழ்த்தாடையில் கீழே இறங்கும். இரண்டையுமே ‘ஈறு இறக்கம்’ என்றுதான் சொல்லப்போகிறேன்.

ஈறு ஏன் இறங்குகிறது?

அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசும்முன் இதைத்தான் பேசியாக வேண்டும். காரணம் தெரியாமல் மூடிய வேர் மறுபடியும் வெளியே வந்துவிடும்.

ஈறு என்பது எலும்பின் மேல் போர்த்திய துணி மாதிரி. அடியில் எலும்பு இருக்கும்வரை அது தன் இடத்தில் நிற்கும். கோரைப்பல், அதை ஒட்டிய சிறு கடைவாய்ப்பற்கள், கீழ் முன்பற்கள் இவற்றின் வெளிப்பக்க எலும்பு பலருக்கு முட்டை ஓடு மாதிரி மெல்லியதாக இருக்கும். பல் வரிசையை விட்டு வெளியே தள்ளி முளைத்த பல்லுக்கு அந்தப் பக்கம் எலும்பே இல்லாமலும் போகலாம். அதன் மேல் ஈறும் மெல்லியதாக இருந்துவிட்டால், அழுத்தித் தேய்க்கும் பிரஷ் ஒன்றே போதும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடப்பக்கப் பற்களில் இறக்கம் அதிகம் தெரிவது நான் அடிக்கடி பார்ப்பது. அந்தப் பக்கம் கைக்கு வாகாக இருப்பதால் அழுத்தமும் கூடிவிடுகிறது.

இது ஒரு வகை. வாய் சுத்தமாக இருக்கும், ஈறில் ரத்தம் வராது, ஆனாலும் வேர் தெரியும்.

இன்னொரு வகை ஈறு நோயால் வருவது. பல்லில் படியும் அழுக்கும் அது இறுகி உருவாகும் கறையும் ஈறைப் புண்ணாக்கி, உள்ளே எலும்பைக் கரைக்கின்றன. எலும்பு இறங்கினால் ஈறும் கூடவே இறங்கும். இங்கே பல்லின் வெளிப்பக்கத்தில் மட்டும் இல்லாமல், இரண்டு பற்களுக்கு நடுவிலும் ஈறு குறைந்திருக்கும். பார்வைக்கு இரண்டு வகையும் ஒரே மாதிரி இருக்கலாம். சிகிச்சையும் பலனும் முற்றிலும் வேறு.

மற்ற காரணங்களும் உண்டு. உதட்டிலிருந்து ஈறுக்கு வரும் நாண் மிக உயரத்தில் ஒட்டி ஈறை இழுப்பது, பல்லைக் கம்பி போட்டு எலும்புக்கு வெளியே நகர்த்துவது, கன்னத்தில் ஒதுக்கி வைக்கும் புகையிலை, உதட்டில் குத்திக்கொள்ளும் உலோக ஆபரணம், சரியாகப் பொருந்தாத கழற்றி மாட்டும் பல்செட், நகத்தால் ஈறைச் சுரண்டும் பழக்கம் ஆகியவை அவை. புகையிலை ஒதுக்குபவர்களுக்கு அது படும் இடத்திலேயே ஈறு இறங்கியிருப்பதைக் காணலாம்.

இறங்கிய ஈறு தானாக வளர்ந்து மூடிக்கொள்ளுமா?

மூடிக்கொள்ளாது. எந்தப் பேஸ்ட்டும், தைலமும், மசாஜும் வேரின் மேல் ஈறை வளர்க்காது. ஈறைத் திரும்ப வளர்க்கும் என்று விற்கப்படும் பொருட்களில் நம்பிக்கை வைத்து மாதங்களைக் கடத்த வேண்டாம்.

பல் வளரும் வயதுக் குழந்தைகளின் கீழ் முன்பற்களில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அங்கே நல்ல சுத்தமும் பொறுமையும் இருந்தால், தாடை வளர வளர நிலைமை சீராவதைப் பார்க்கிறோம். அதனால் குழந்தைகளுக்கு அவசரப்பட்டுக் கத்தி வைப்பதில்லை.

அப்படியென்றால் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையா?

இல்லை. பல வருடங்களாக அதே அளவில் நிற்கும், கூச்சம் இல்லாத, சிரிக்கும்போது தெரியாத ஒரு மில்லிமீட்டர் இறக்கத்துக்கு நான் அறுவை சொல்வதில்லை. பிரஷ் பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொடுத்து, அளவைக் குறித்து வைத்து, புகைப்படம் எடுத்து, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பேன்.

அறுவையை யோசிக்க வைப்பவை சில. அளந்து பார்த்தால் இறக்கம் கூடிக்கொண்டே போகிறது. கூச்சத்துக்கான பேஸ்ட், ஃபுளோரைடு பூச்சு எல்லாம் போட்டும் குளிர்ந்த தண்ணீர் குடிக்க முடியவில்லை. வேரில் சொத்தை ஆரம்பிக்கிறது. சிரிக்கும்போது தெரிவதால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதில் கடைசியைச் சொல்லத் தயங்குபவர்கள் உண்டு. அழகுக்காகக் கேட்பதில் தவறே இல்லை, தாராளமாகச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணம் நோயாளிக்குக் கண்ணில் படாது. பல்லை ஒட்டி ஒரு பட்டை அளவுக்குக் கெட்டியான, அசையாத ஈறு இருக்கும். அதற்கு அப்பால் உதட்டோடு சேர்ந்து அசையும் மெல்லிய சிவந்த தோல். சிலருக்கு அந்தக் கெட்டிப் பட்டையே இல்லாமல் போயிருக்கும். பிரஷ் பட்டாலே வலிக்கும், அதனால் அங்கே துலக்க மாட்டார்கள், அழுக்கு சேரும், ஈறு இன்னும் இறங்கும். 2 மி.மீ. அளவு கெட்டி ஈறு இருப்பது நல்லது என்று 1972-இல் லாங், லோ என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதைவிடக் குறைவாக இருந்தும், நன்றாகத் துலக்குவதால் பல வருடம் பிரச்சினை இல்லாமல் இருப்பவர்களும் உண்டு. எனவே அளவை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. அந்த இடத்தை அவரால் வலியில்லாமல் சுத்தம் செய்ய முடிகிறதா என்று பார்க்கிறோம்.

வேர் முழுவதும் மூடுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் சொல்ல முடியும். அறுவையில் எந்த முறை என்பதைவிட முக்கியமான கேள்வி இதுதான்.

பார்க்க வேண்டிய இடம் பல்லின் நடுப்பகுதி அல்ல, பல் இடுக்கு. இரண்டு பற்களுக்கு நடுவே கூம்பாக நிற்கும் ஈறும், அதன் அடியில் உள்ள எலும்பும் முழுதாக இருக்கின்றனவா? மூடப்போகும் திசுவுக்கு ரத்தம் அந்த இரு பக்கங்களிலிருந்தும்தான் வரவேண்டும். வேரின் மேற்பரப்பில் ரத்த ஓட்டம் கிடையாது. அது வெறும் கெட்டியான தரை. அதன் மேல் வைக்கும் திசு பக்கத்து ஈறிலிருந்து உயிர் வாங்கிக்கொண்டுதான் பிழைக்கிறது. பக்கத்து ஈறு எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதற்கு மேல் புது ஈறு நிற்காது.

1985-இல் மில்லர் என்ற மருத்துவர் இதை நான்கு வகையாகப் பிரித்தார். 2011-இல் இத்தாலியைச் சேர்ந்த கைரோவும் அவருடைய குழுவினரும் இன்னும் எளிதாக மூன்றாக்கினார்கள். இப்போது அதுதான் பரவலாக உள்ளது. முதல் வகையில் பல் இடுக்கில் எந்த இழப்பும் இல்லை. இங்கே வேரை முழுவதும் மூட வாய்ப்பு நிறைய. இரண்டாம் வகையில் இடுக்கில் இழப்பு உண்டு, ஆனால் வெளிப்பக்க இழப்பைத் தாண்டவில்லை. இங்கே பாதியோ முக்காலோ மூடலாம், சில பற்களில் முழுவதும்கூட. மூன்றாம் வகையில் இடுக்கில்தான் இழப்பு அதிகம். இங்கே முழுவதும் மூடும் என்று யாராவது உறுதி சொன்னால் நான் சந்தேகப்படுவேன்.

உங்கள் பல் எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். எதிர்பார்ப்பு சரியாக அமைந்தாலே ஏமாற்றம் பாதி குறையும்.

ஈறை இழுத்துத் தைத்தால் போதாதா? வேறு இடத்துத் திசு எதற்கு?

போதும் என்ற நிலையும் உண்டு. வேருக்கு அப்பால் கெட்டி ஈறு போதுமான அளவு இருந்து, அது தடிப்பாகவும் இருந்தால், அந்த ஈறையே மெல்லப் பிரித்து, அடியில் இறுக்கிப் பிடித்திருக்கும் இழையை விடுவித்து, பல்லின் கழுத்துவரை, அதாவது எனாமலும் வேரும் சேரும் இடம்வரை, கொண்டுவந்து தைக்கலாம். இரண்டாவது புண் இல்லை. நிறமும் அச்சு அசலாக ஒத்துப்போகும், ஏனென்றால் அது அதே ஈறுதான்.

சிக்கல் ஈறு மெல்லியதாக இருக்கும்போது. 1 மி.மீ.க்கும் குறைந்த தடிப்புள்ள ஈறை இழுத்து மூடினால் ஆரம்பத்தில் அழகாக இருக்கும், ஆனால் காலப்போக்கில் திரும்ப இறங்கும் வாய்ப்பு அதிகம். முதலில் இறங்கியதற்கே அந்த மெல்லிய தன்மைதானே காரணம்? அதனால்தான் அடியில் ஒரு திசுவை வைத்துத் தடிப்பாக்குகிறோம். வேரை மூடுவதும் ஈறைத் தடிப்பாக்குவதும் இரண்டு தனித்தனி வேலைகள். நிலைத்து நிற்பதற்கு இரண்டாவதுதான் பெரிய துணை.

மேலண்ணத்திலிருந்து எடுக்கிறார்களாமே, அது எப்படி?

இரண்டு விதமாக எடுக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம் வருகிறது.

முதலாவது, உள்திசு ஒட்டு. அண்ணத்தில் சிறிய கீறல் போட்டு, மேல்தோலை அப்படியே விட்டுவிட்டு, அதன் அடியில் உள்ள இணைப்புத் திசுவை மட்டும் ஒரு மெல்லிய துண்டாக எடுப்போம். மேல்தோலைத் திரும்ப மூடித் தைத்துவிடலாம். எடுத்த துண்டை வேரின் மேல் வைத்து, அதன் மேல் அங்கேயே உள்ள ஈறை இழுத்துப் போர்த்தித் தைப்போம். ஒட்டுத்திசுவுக்கு அடியிலிருந்தும் மேலிருந்தும் ரத்தம் கிடைக்கிறது. அதனால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், நிறமும் நன்றாகச் சேரும். 1985-இல் லாங்கர் தம்பதியினர் விவரித்த இந்த முறை பிறகு பல மாற்றங்களைக் கண்டது. ஆனாலும் வேரை மூடும் விஷயத்தில் இன்றும் மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் இதுதான். முன்பற்களுக்கு, கோரைப்பல்லுக்கு என் முதல் தேர்வும் இதுவே.

இரண்டாவது, மேல்தோலோடு சேர்த்து எடுக்கும் ஒட்டு. 1963-இல் பியோர்ன் என்பவர் இதை எழுதினார், அறுபதுகளின் பிற்பகுதியில் பரவியது. ஏறக்குறைய 1 முதல் 1.5 மி.மீ. தடிப்புள்ள செவ்வகத் துண்டை எடுத்து, ஈறு குறைவான இடத்தில் வெளியே தெரியும்படியே வைத்துத் தைப்பது. கீழ் முன்பற்களில், கெட்டி ஈறே இல்லாமல் உதடு இழுத்துக்கொண்டே இருக்கும் இடத்தில் இதன் பலத்துக்கு ஈடு குறைவு. குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: அண்ணத்தில் திறந்த புண் இருக்கும், நிறம் வெளுப்பாக ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரியும், ஆறும்போது துண்டு கொஞ்சம் சுருங்கும். சிரிக்கும்போது தெரியும் இடத்தில் இதை வைக்கமாட்டோம்.

அண்ணத்தில் நிரந்தரப் பள்ளம் விழுந்துவிடுமோ என்று கேட்பார்கள். விழாது. அந்த இடம் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். சில மாதம் கழித்துத் தேவைப்பட்டால் அதே இடத்திலிருந்து திரும்பவும் எடுப்பதுண்டு.

பக்கத்துப் பல்லின் ஈறைத் திருப்பி வைக்கிறார்களே, அது?

ஒரே ஒரு பல்லில் இறக்கம் இருந்து, பக்கத்துப் பல்லில் ஈறு தாராளமாக இருந்தால் அதைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடலாம். 1956-இல் குரூப், வாரன் இருவரும் வெளியிட்ட பழைய முறை. கொடுத்த பல்லில் இறக்கம் வந்துவிடக் கூடாது என்பதுதான் கவனம். அங்கே எலும்பு மெல்லியதாக இருந்தால் இதை விட்டுவிட வேண்டும்.

சுரங்க முறை, ஊசித்துளை முறை என்று விளம்பரங்களில் பார்க்கிறேன். கத்தியே இல்லையாமே?

சுரங்க முறையில் பல் இடுக்கில் நிற்கும் கூம்பு ஈறுகளை வெட்டுவதில்லை. பல்லின் கழுத்து வழியாக நுழைந்து, வெளியிலிருந்து தெரியாமல் ஈறை உள்ளே பிரித்துச் சுரங்கம் போல் ஆக்கி, அதற்குள் ஒட்டுத்திசுவை இழுத்து நுழைத்துத் தைப்போம். வரிசையாக மூன்று நான்கு பற்களில் இறக்கம் இருப்பவர்களுக்கு மிக நல்ல முறை. தழும்பு குறைவு, ரத்த ஓட்டம் கெடுவதில்லை. செய்பவருக்குப் பொறுமையும் சிறிய கருவிகளும் வேண்டும்.

ஊசித்துளை முறையை அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் சாவ் 2012-இல் வெளியிட்டார். உதட்டின் உட்பக்கத்துக்கு அருகே 2, 3 மி.மீ. துளை ஒன்று போட்டு, அதன் வழியாக விசேஷக் கருவியை விட்டு ஈறைத் தளர்த்தி நகர்த்தி, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன பட்டைகளை உள்ளே திணித்து நிறுத்துவது. அண்ணத்தில் புண் இல்லை, தையலும் பெரும்பாலும் இல்லை. முதல் சில நாட்களின் வலி குறைவு என்பது உண்மை.

ஆனால் ‘கத்தி இல்லை’ என்பதற்காக மட்டும் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உள்ளே ஈறு பிரிக்கப்படுவது இங்கேயும் நடக்கிறது. இதுவும் அறுவைதான். நீண்ட கால முடிவுகள் அண்ணத்துத் திசு முறைகளுக்கு இருக்கும் அளவுக்கு இதற்குச் சேரவில்லை. கெட்டி ஈறு அறவே இல்லாத இடத்தில் அதை இது உருவாக்கித் தராது. சரியான பல்லுக்குச் செய்தால் நல்ல முறை, அவ்வளவுதான்.

அண்ணத்தைத் தொடாமல் செய்ய வேறு பொருள் இல்லையா?

இருக்கிறது. தானமாகக் கிடைத்த மனிதத் தோலிலிருந்து செல்களை எல்லாம் நீக்கிய சவ்வு, பன்றியிலிருந்து பெறும் கொலாஜன் தகடு போன்றவை. பல பற்களை ஒரே நாளில் மூட வேண்டும், அண்ணத்தில் அவ்வளவு திசு இல்லை என்ற நிலையில் இவை கைகொடுக்கும். சொந்தத் திசு அளவுக்குத் தடிப்போ, நிலைத்தன்மையோ எப்போதும் கிடைப்பதில்லை. ஆனால் இரண்டாவது புண் இல்லாதது பெரிய ஆறுதல்.

வளரும் நிலையில் உள்ள பன்றிப் பல்லிலிருந்து எடுக்கும் எனாமல் புரதக் களிம்பு ஒன்றும் உண்டு. எம்டோகெய்ன் என்ற பெயரில் கிடைப்பது அது. சுத்தம் செய்த வேரில் தடவி, அதன் மேல் ஈறை இழுத்துத் தைப்போம். வெறுமனே இழுத்துத் தைப்பதைவிட முடிவு கூடுதலாக வருகிறது.

இந்தப் பொருட்கள் எந்த உயிரிலிருந்து வந்தவை என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நம்பிக்கை காரணமாகவோ மனசு ஒப்பாமலோ வேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

என் ரத்தத்திலிருந்தே எடுத்துப் போடுவார்களாமே?

பி.ஆர்.எஃப் (பிளேட்லெட் ரிச் ஃபைப்ரின்) என்று சொல்வார்கள். 2001-இல் பிரான்சில் ஷூக்ரூன் குழுவினர் தொடங்கியது. கையிலிருந்து ரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல் உடனே சுழற்றினால், நடுவில் ஜெல்லி மாதிரி ஒரு கட்டி கிடைக்கும். அதை அழுத்தித் தகடாக்கி வைப்பது. வேரை மூடுவதில் அண்ணத்து உள்திசுவுக்கு அது ஈடாகாது. அண்ணத்துப் புண்ணின் மேல் வைத்தால் வலி குறையவும் சீக்கிரம் ஆறவும் உதவுகிறது. நான் அதற்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன்.

எனக்கு ‘ஃபிளாப் சர்ஜரி’ சொன்னார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை, இங்கே கவனம் தேவை. ஃபிளாப் சர்ஜரி என்பது ஈறு நோய்க்கு: ஈறைத் திறந்து, வேரில் ஆழமாகப் படிந்த கறையை எடுத்து, தேவையானால் எலும்புத் துகள் வைத்து மூடுவது. பல்லைக் காப்பாற்றும் சிகிச்சை அது. வேரை மூடுவது அதன் நோக்கமே இல்லை. சொல்லப்போனால், வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் வேர் முன்பைவிடக் கூடுதலாகத் தெரியும். இது முன்கூட்டிச் சொல்லப்படாததால் ‘டாக்டர் கெடுத்துவிட்டார்’ என்று வருத்தப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நோய் இருக்கும் வாயில் முதலில் நோயை அடக்க வேண்டும். ரத்தக் கசிவு நின்று, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பையின் ஆழம் குறைந்து, நீங்கள் நன்றாகத் துலக்கிக் காட்டிய பிறகுதான் மூடும் அறுவை.

வலிக்குமா? எவ்வளவு நேரம் ஆகும்?

மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்வோம். ஒன்றிரண்டு பற்களுக்கு ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஊசி குத்தும் கணம் தவிர, குறிப்பாக அண்ணத்தில், வேறு வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிட்டு இன்னும் மருந்து போடுவோம்.

பிறகு வரும் வலியில் பெரும்பங்கு அண்ணத்துடையது. சூடான பானம் பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டது போல சில நாட்கள் எரியும். அளவெடுத்துச் செய்த மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை அண்ணத்தில் மாட்டிக்கொண்டால் சாப்பிடுவது எவ்வளவோ சுலபம். அறுவைக்கு முன்பே அதைச் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

அறுவைக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?

முதல் இரண்டு நாட்கள் ஒட்டுத்திசுவுக்குச் சொந்த ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள திரவத்தை உறிஞ்சித்தான் பிழைத்திருக்கும். இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து மெல்லிய ரத்தக் குழாய்கள் அதற்குள் நுழைய ஆரம்பிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் ஓட்டம் நிலைபெறும். இந்த நாட்களில் அது ஒரு மயிரிழைகூட நகரக் கூடாது. அறுவை செய்பவர் செய்வது பாதி வேலை, மீதிப் பாதி உங்கள் கையில் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆகவே உதட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் ஆசை வரும். கண்ணாடி முன் நின்று உதட்டை இழுத்துக் காட்டும்போதுதான் தையல் தளர்கிறது. போட்டோ எடுத்து அனுப்புவதாக இருந்தாலும் இழுக்காமல் எடுங்கள்.

அந்த இடத்தில் பிரஷ் படவே கூடாது, குறைந்தது இரண்டு வாரம், சில நேரம் அதற்கும் மேல். மற்ற பற்களை வழக்கம் போலத் துலக்குங்கள். பிரஷுக்குப் பதில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த கொப்பளிப்பு மருந்து தருவோம். வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் வைத்திருந்து சாய்த்து விட்டுவிடுங்கள். அது பல்லில் பழுப்புக் கறை படுத்தும், நாக்கில் ருசி மாறும். இரண்டுமே தற்காலிகம், கறையைப் பிறகு சுத்தம் செய்துவிடலாம்.

சூடு ஆறிய, மெதுவான உணவு. மறுபக்கத்தில் மெல்லுவது. முதல் நாளில் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாமலும் காறித் துப்பாமலும் இருப்பது. கனமான உடற்பயிற்சி சில நாட்கள் வேண்டாம். தையலை ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாட்களில் எடுப்போம். தையல் எடுத்ததும் பழைய பிரஷுக்கே திரும்பிவிடாதீர்கள். மிக மென்மையான பிரஷ் ஒன்றைத் தந்து, எப்படி உருட்ட வேண்டும் என்று காட்டுவோம்.

ஒட்டு வெள்ளையாகிவிட்டது. செத்துப்போய்விட்டதா?

முதல் வாரத்தில் இரவு நேரத்தில் வரும் போன்களில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். மேல்தோலோடு எடுத்து வைத்த ஒட்டில், மேலே உள்ள தோல் அடுக்கு வெளுத்து உரிவது இயல்பு. அடியில் திசு உயிரோடு இருக்கும். சில நாட்களில் சிவந்து, பிறகு இளஞ்சிவப்பாகும். அதைச் சுரண்டிப் பார்க்காமல் இருந்தால் போதும்.

ஒட்டு முழுவதும் கறுத்துத் தொங்குவது, அசைவது, சீழ் நாற்றம், நாலைந்து நாள் கழித்து வலி குறையாமல் கூடுவது, காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் வந்துவிடுங்கள். ஒட்டு ஓரளவு அழிந்தாலும் பெரும்பாலும் அறுவைக்கு முந்தைய நிலையைவிட மோசமாவதில்லை. ஆறிய பிறகு மறுபடி செய்யலாம்.

அண்ணத்தில் ரத்தம் வந்தால்?

எச்சிலில் இளஞ்சிவப்பாகக் கலந்து வருவது இயல்பு. நிற்காமல் கசிந்தால், சுத்தமான ஈரத் துணியையோ பஞ்சுத்துணியையோ அந்த இடத்தில் விரலால் கெட்டியாக அழுத்தி, இருபது நிமிடம் எடுக்காமல் பிடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். அதற்கும் நிற்கவில்லையென்றால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

சிகரெட் பிடிப்பவர்களுக்குச் செய்யலாமா?

செய்யலாம், பலன் குறையும். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஒட்டுத்திசு பிழைப்பதே புது ரத்தக் குழாய்களை நம்பித்தான். விட முடியாவிட்டாலும் அறுவைக்கு முன்னும் பின்னும் சில வாரங்களாவது நிறுத்தியே ஆக வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். புகையிலையை ஒதுக்கி வைப்பவர்களுக்கு அதை விடாமல் அறுவை செய்வதில் அர்த்தமே இல்லை.

சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, இதய வால்வு, கர்ப்பம்?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் தடையில்லை. மூன்று மாத சராசரி அளவைப் பார்த்துத்தான் தேதி குறிப்போம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம். இதய மருத்துவரோடு பேசி முடிவு செய்வோம். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். எலும்பு அடர்த்திக்கு மருந்து எடுப்பவர்களும் அதைச் சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில், அவசரம் இல்லாத அறுவை என்பதால், பிரசவம் முடியும்வரை காத்திருக்கலாம். சுத்தம் செய்வதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

பல்லுக்குக் கம்பி போடப் போகிறோம். ஈறு அறுவை முதலிலா, பிறகா?

பல் எந்தத் திசையில் நகரப்போகிறது என்பதைப் பொறுத்தது. வெளியே தள்ளியிருக்கும் பல்லை உள்ளே எலும்புக்குள் கொண்டுவரப் போகிறார்கள் என்றால், காத்திருங்கள். இடம் சரியானதும் ஈறே ஓரளவு தடிமனாகிச் சீராகலாம், பிறகு செய்யும் அறுவையும் எளிது. பல்லை வெளிப்பக்கம் நகர்த்தப் போகிறார்கள், அங்கே ஈறு மெல்லியது என்றால், முன்பே ஒட்டு வைத்துத் தடிப்பாக்குவது நல்லது. இரண்டு மருத்துவர்களும் ஒருமுறை பேசிக்கொள்ளட்டும், அதை வற்புறுத்திக் கேளுங்கள்.

பல்லின் கழுத்தில் குழி விழுந்திருக்கிறது. அடைத்துவிட்டால் போதாதா?

கூச்சத்துக்கு ஃபில்லிங் போதும். ஆனால் பல் மஞ்சளாக நீளமாகத் தெரிவது மாறாது, இறக்கமும் நிற்காது. குழியின் மேல் பகுதி எனாமலிலும் கீழ்ப்பகுதி வேரிலும் இருந்தால், எனாமல் பகுதியை அடைத்து, வேர்ப்பகுதியை ஈறால் மூடுவது நல்ல முடிவைத் தரும். ஏற்கனவே வேரில் பெரிய ஃபில்லிங் இருந்தால் சொல்லிவிடுங்கள். அறுவையின்போது அதை எடுக்கவோ வழவழப்பாக்கவோ வேண்டியிருக்கும்.

பற்களுக்கு நடுவே கருப்பு முக்கோணம் தெரிகிறது. அதை மூட முடியுமா?

பல் இடுக்கில் இழந்த கூம்பு ஈறைத் திரும்பக் கட்டுவது இன்னும் ஈறு சிகிச்சையின் மிகக் கடினமான வேலை. நம்பகமான அறுவை இல்லை. பல்லின் வடிவத்தைப் பக்கவாட்டில் கொஞ்சம் அகலமாக்குவது, கம்பி போட்டு நெருக்குவது, பல இடங்களில் இழப்பு இருந்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் கழற்றி மாட்டும் செயற்கை ஈறு என்று வேறு வழிகள் உண்டு. அறுவை இல்லாத வழி என்பதால் அது மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

எவ்வளவு நாள் நிலைக்கும்?

நன்றாக ஆறிய, தடிப்பான ஒட்டு பல ஆண்டுகள் நிற்கும். தையல் எடுத்த அன்று பார்த்து முடிவைத் தீர்மானிக்காதீர்கள். ஆரம்பத்தில் வீங்கி அதிகமாக மூடியதுபோல் தெரியும், பிறகு வற்றும். ஆறு மாதம் கழித்துத்தான் உண்மையான அளவு தெரியும். சிலருக்கு அதற்குப் பிறகும் ஈறு தானாகவே மெல்ல ஊர்ந்து இன்னும் கொஞ்சம் வேரை மூடும். மேல்தோல் ஒட்டு வைத்த கீழ் முன்பற்களில் இதை அதிகம் பார்க்கிறோம், ஒரு வருடத்தில் 1 மி.மீ. வரைகூட. முதலில் முழுவதும் மூடவில்லையே என்று வருந்தியவர்கள் அடுத்த வருடம் வந்து சிரித்துக் காட்டியதுண்டு.

மறுபடி இறங்கும் பற்களில் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பழைய பிரஷ், பழைய அழுத்தம்தான். பேனா பிடிப்பது போல் விரல் நுனியில் பிரஷைப் பிடித்துப் பாருங்கள், கை அழுத்தம் தானே குறையும்.

அறுவைக்குச் சம்மதிக்கும்முன் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

என் பல்லில் ஈறு இறங்கியதற்குக் காரணம் என்ன, அது சரிசெய்யப்பட்டுவிட்டதா? பல் இடுக்கில் எலும்பு இருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் மூடும் என்று எதிர்பார்க்கலாம்? என் ஈறு மெல்லியதா தடிப்பா? திசு எங்கிருந்து வரும்? செய்யாமல் விட்டால் அடுத்த ஆறு மாதத்தில் எதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்? இந்த முறையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ஆறு மாதம் கழித்து எடுத்த படங்களைக் காட்ட முடியுமா?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் என் நோயாளிகளிடம் அந்தப் படங்களை நானே எடுத்துக் காட்டுவேன், முழுவதும் மூடாதவற்றையும் சேர்த்து.